உள்ளே இறங்கிய தூசி

என் மாமியாரைத் தவிர, என் வீட்டுக்காரரை ‘நீ’ என்று கூப்பிட்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான். எங்கள் நாமக்கல் பக்கத்தில் அது நடக்காத காரியம். கட்டிய நானே ‘ஏனுங்க, வாங்க, சாப்பிடுங்க’ என்று வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். சண்டை போட்டால்கூட ‘ங்க’ போட்டுத்தான் போடுவேன். அவள் அயோத்தியாப்பட்டணத்துக்கும் கிழக்கே, ஆத்தூர் ரோட்டுப் பக்கத்துக்காரி. அங்கே கூடப்பிறக்காத அண்ணனைக்கூட ‘நீ’ என்பது சாதாரணமாம். “அண்ணா, நீ இன்னிக்கும் கண்ணாடி போடலியா?” என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி அவரை அதட்டுவாள். என்னைக் கண்டால் மட்டும் “வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி” என்று குழைவாள். எனக்கு மரியாதை, அவருக்கு உரிமை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். வெட்டுவது, வெல்டிங் வைப்பது, வைத்த இடத்தை கிரைண்டர் போட்டுத் தேய்த்துச் சமமாக்குவது எல்லாம் அவர் வேலை. அவள் அதே பட்டறையில் துளை போடுவாள், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தகட்டைத் துடைப்பாள், சாயங்காலம் தரையைச் சுத்தம் பண்ணுவாள். அவள் புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டுவான். ஆள் இல்லாத வீடு, வாய்த்துடுக்கான பெண், பக்கத்திலேயே என் வீட்டுக்காரர். நான் தையல்காரி. வீட்டில் மிஷினில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சோறு கொண்டுபோகும் சாக்கில் பட்டறைக்குப் போவேன். அப்போதுதான் அவள் தரை கூட்டும் வித்தையைப் பார்த்தேன். விளக்குமாறே கிடையாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி பட்டறை முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பாள். ஆணி, போல்ட், வாஷர், இரும்புச் சுருள் எல்லாம் ஓடிவந்து அதன் மேல் ஒட்டும். ஒட்டிய ஆணியின் வாலில் இன்னொரு ஆணி ஒட்டும். காந்தத்தைத் தொட்ட இரும்பும் கொஞ்ச நேரத்துக்குக் காந்தமாகிவிடுகிறது. ஒரு சுற்று முடிந்து அவள் தூக்கிக் காட்டினால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவரும்தான். வீட்டில் நான் கூட்டும்போது ஒரு நாள் சிரித்ததில்லை.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. கிரைண்டர் ஓடும்போது தீப்பொறி பறக்கும் இல்லையா, அந்தப் பொறி எல்லாமே பொடி இரும்பு. கண்ணாடி போட்டால் தடுக்கும். ஆனால் வேர்வையில் வழுக்குகிறது என்று யாரும் போடுவதில்லை. கண்ணில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பட்டறையில் பெயர் தூசி. “கண்ணுல தூசி உழுந்துருச்சு” என்று கசக்கிக்கொண்டு எல்லோரும் போய் நிற்பது அவள் எதிரில்தான். அவள் ஒரு கோணி ஊசியை எடுத்து அந்த ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்ப்பாள். ஊசிக்கும் காந்தம் ஏறிவிடும். அப்புறம் இமையை மடக்கித் தூக்கி, ஊசியின் கூர் இல்லாத காதுப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவாள். தொடவே வேண்டாம், கிட்டே போனதும் தூசி தானாகத் தாவி ஊசியில் ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் முதன்முதலில் பார்த்தது என் வீட்டுக்காரருக்கு நடந்தபோதுதான். அவர் முகம் அவள் இடது கையில் இருந்தது. சந்தையில் பல் பார்க்கக் கொடுத்த மேச்சேரி ஆடு மாதிரி அவர் அசையாமல் நின்றார். அவள் மூச்சு அவர் கன்னத்தில் படும் தூரம். “ஆடாத அண்ணா, ஆடுனா உன் கண்ணுக்கு நான் பொறுப்பில்ல” என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் சோற்றுத் தூக்கை டொம்மென்று வைத்தேன். இரண்டு பேரும் திரும்பக்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். “ஏனுங்க, இனிமே கண்ணுல தூசி உழுந்தா ஊட்டுக்கு வாங்க. நான் எடுத்து உடறேன். எங்கிட்டயும் ஊசி இருக்குது.”

“பட்டறைல உழுகறத எடுக்க ஊட்டு வரைக்கும் கண்ண மூடிட்டு வண்டி ஓட்டிட்டு வாரதா? நீ ஜாக்கெட் தெய்யி புள்ள” என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

கொஞ்ச நாளில் அவளே என் வீட்டுக்கு ஜாக்கெட் தைக்க வந்து நின்றாள். கழுத்து, தோள், கை எல்லாம் நான்தான் டேப் பிடித்து அளந்தேன். கெடுத்துத் தைக்கலாமா என்று தோன்றியது உண்மை. ஆனால் என் கைக்கு அது வராது. தையல் அவ்வளவு கச்சிதமாக வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு அவள் பட்டறைக்குப் போனதை நினைத்து நானே என் மேல் எரிச்சல்பட்டேன். கூலி கொடுத்ததோடு சும்மா போகாமல் ஒரு சின்னக் காந்தத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். “உங்களுக்கு குண்டூசி பொறுக்க ஆவும் அண்ணி.” தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் தையல்காரிக்கு அது எவ்வளவு உபயோகம் என்று இன்னொரு தையல்காரிக்குத்தான் தெரியும். வைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் மிஷின் நின்றிருந்தது. மேஜை மேல் ஒரு குண்டூசியைப் போட்டுவிட்டு அந்தக் காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் ஊசிக்கு ஒன்றுமே தெரியவில்லை, தேமே என்று கிடந்தது. அரைச் சாண், அப்போதும் ஒன்றுமில்லை. நாலு விரல் தூரம் வந்ததும் தலையை மட்டும் லேசாகத் திருப்பியது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். நகர ஆரம்பித்ததுதான் தெரியும், டக்கென்று பாய்ந்துவந்து ஒட்டியது. பாதி தூரம் குறைந்தால் இழுப்பு இரண்டு பங்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை, எகிறிவிடுகிறது. ஒரு விரற்கடை வந்துவிட்டால் அடுத்த விரற்கடை இன்னும் வேகம், அதற்கடுத்தது அதைவிட வேகம். கடைசி விரற்கடையை ஊசி எப்படித் தாண்டுகிறது என்று என் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். காந்தம் இருந்த இடத்தில் அவளை வைத்து, ஊசியின் இடத்தில் அவரை வைத்துத்தான் பார்த்தேன், வேறென்ன. அவர் தலையைத் திருப்பிவிட்டாரா, இன்னும் இல்லையா என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் என்று நான் நினைத்தது சீக்கிரமே கிடைத்தது. சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குப் போயிருந்தேன். பாதி கட்டி நின்ற ஒரு லாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் குரலும் கேட்டது. தகடு மறைத்ததால் ஆள் தெரியவில்லை. அவள் சொன்னாள், “உள்ள எறங்கிடுச்சுண்ணா. இனி வெளிய வராது.”

அவர் சொன்னார், “உடு. ஊட்டுல தெரிய வேண்டாம்.”

என்ன உள்ளே இறங்கிவிட்டது, எது இனி வெளியே வராது, எது வீட்டுக்குத் தெரியக் கூடாது? தூக்கை லாரி டயர் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் வீடு வந்ததும் நேரடியாகக் கேட்டேன். “என்னமோ உள்ள எறங்கிருச்சுன்னு சொன்னாளே, என்னதுங்க அது?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், “தூசி” என்றார்.

தூசியாம்! எதைக் கேட்டாலும் தூசி. அவள் இவர் முகத்தைப் பிடித்தால் தூசி, அவளிடம் போய் நின்றால் தூசி. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தில் அவர் போனிலிருந்து அவள் எண்ணை அழித்தார். அழிப்பதற்கு முன்னால் நான் அதை என் போனில் ஏற்றிக்கொண்டேன். ‘தூசி’ என்றே பெயர் போட்டேன். அவள் அப்புறம் பட்டறையை விட்டுவிட்டு, ஊர்ப்பக்கமே போய்ச் சொந்தமாக கேட், ஜன்னல் கிரில் செய்யும் கடை போட்டுவிட்டாள். போனாள், தொல்லை விட்டது என்று வேறு யாராவது இருந்திருப்பார்கள், நான் இருக்கவில்லை. அவள் வாட்சப் ஸ்டேட்டஸ் ஒன்று விடாமல் பார்ப்பேன். பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி செட்டிங்ஸை மாற்றி வைத்திருந்தேன். புது கேட், புது கிரில், புதுச் சேலை. என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை போட்ட அன்று அவளும் கறுப்பில் ஏதாவது போட்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. லாரிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட அந்த இரண்டு வாக்கியங்களை நான் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

போன தை மாதம் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது கை விரலெல்லாம் மரத்துப்போனது. சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ஸ்கேன் சென்டரில் ரொம்ப நேரம் உட்கார்ந்து, கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் சின்ன வயசுப் பெண், சுறுசுறுப்பு. அவருடைய பெல்ட், செல்போன், இடுப்புக் கயிற்றிலிருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். துணைக்கு நின்ற என் தாலிக்கொடியைப் பார்த்தாள். எல்லாப் பொம்பளைகளையும் போல நானும் அதில் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்திருப்பேன். “அக்கா, தாலி இருக்கட்டும், ஊக்கெல்லாம் கழட்டிருங்க. இல்லன்னா இந்தக் கோட்டத் தாண்டாதீங்க” என்றாள். கழற்றினேன்.

அப்புறம் அவரைக் கேள்வி கேட்டாள். “உடம்புல பிளேட், ஸ்க்ரூ எதாவது வெச்சிருக்காங்களா?”

“இல்லீங்க.”

“கண்ணுல எப்பவாவது இரும்புத் துண்டு பட்டிருக்கா?”

“இல்லீங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. இரும்பு என்றால் அவருக்கு லாரிக்கு வைக்கிற சேனல், ஆங்கிள், ஷீட். கண்ணில் படுவதற்குப் பெயர் வேறு. அந்தப் பெண் விடவில்லை. என்ன வேலை என்று கேட்டாள், கிரைண்டிங் உண்டா என்று கேட்டாள். “தூசிதானுங்க படும், எடுத்துப்போடுவோம்” என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அண்ணா, உள்ள இருக்கறது சாதாரணக் காந்தம் இல்ல. தூரத்துல நிக்கறப்ப ஒன்னும் தெரியாது. கிட்டப் போகப் போக இழுப்பு எகிறிடும், அந்தக் குழாய் வாசல்லதான் ரொம்ப அதிகம். சாவி, கத்தரிக்கோல் எல்லாம் கையவிட்டுப் பறந்து போயிரும். கண்ணுக்குள்ள பொடி இரும்பு நின்னிருந்தா முதல்ல அது திரும்பும், அப்புறம் நகரும். கண்ணே போயிரலாம்.”

“அப்படின்னா என்னய உள்ள படுக்க வெக்கற வரைக்கும் அத ஆஃப் பண்ணிப்போடுங்களேன்” என்றார் இவர்.

“அத ஆஃப் பண்ண முடியாதுண்ணா. இப்பக்கூட அது இழுத்துட்டுத்தான் இருக்கு.”

எனக்கு மேஜை மேல் கிடந்த குண்டூசி ஞாபகம் வந்தது. முதலில் தலையைத் திருப்பும், அப்புறம் ஓடும். அந்த நொடியில்தான் பத்து வருஷமாக என் நெஞ்சில் கிடந்த வாக்கியம் புரண்டு படுத்தது. உள்ள எறங்கிடுச்சு. இனி வெளிய வராது. கேட்டதற்கு அவர் ‘தூசி’ என்றாரே, அது தூசியேதான்.

“ஏனுங்க, அன்னைக்கு அவ சொன்னது உங்க கண்ணத்தானுங்களா?” என்றேன்.

“எவ?”

“எவன்னு உங்களுக்குத் தெரியும்.”

“இந்த எடத்துலயுமா புள்ள ஆரம்பிக்கற? அது எப்பவோ எடுத்தாச்சு.”

“யாரு எடுத்தா?”

டெக்னீஷியன் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்து வலி, காத்திருந்த அலுப்பு, எப்படியாவது படுத்து எழுந்து வீட்டுக்குப் போனால் போதும் என்கிற அவசரம் எல்லாம் அவர் முகத்தில் இருந்தது. டெக்னீஷியன் பெண், “எதுவா இருந்தாலும் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்காம நான் உள்ள விடமாட்டேன்” என்றாள். “ஒன்னுமில்லீங்க, இவளுக்கு வேற வேலை இல்ல” என்று அவர் அவளிடம் மன்றாடினார். நான் போனை எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். திரையில் ‘தூசி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி ஸ்பீக்கரைப் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். “அண்ணியா? நல்லா இருக்கீங்களா அண்ணி?” என் எண்ணை அவளும் வைத்திருக்கிறாள்.

“அன்னைக்கு அவரு கண்ணுல ஒன்னு உள்ள எறங்கிருச்சுன்னயே, அத எடுத்தயா இல்லயா?”

அந்தப் பக்கம் ஏதோ மிஷினை நிறுத்தினாள். “எடுக்கல அண்ணி. வலது கண்ணு. கருமுழிக்குக் கீழ, மூக்குப் பக்கமா, வெள்ளையில பூந்துடுச்சு. ஊசி வெச்சுப் பாத்தேன், அசைஞ்சுது, வரல. அதுக்கு மேல நான் தொடல. கண்ணாஸ்பத்திரிக்குப் போன்னு அண்ணன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். போவலியா அது? எதுக்குக் கேக்கறீங்க?”

“பெரிய காந்தத்துக்குள்ள படுக்க வெக்கப் போறாங்க.”

“ஐயோ வேணாம் அண்ணி! சின்ன ஊசிக்கே அசைஞ்சுதே!”

டெக்னீஷியன் பெண் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, காந்த அறைக்கு எதிர்த் திசையில் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. வலது கண், கீழே, மூக்குப் பக்கம். போனில் அவள் சொன்ன அதே இடம். இத்தனை வருஷம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்குத் தெரியாத இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். கண் டாக்டர், விழியின் வெள்ளைச் சுவரில் அது அடங்கிவிட்டது, இப்போது தோண்டினால்தான் ஆபத்து, அவ்வப்போது வந்து காட்டுங்கள், அந்த மாதிரி ஸ்கேன் பக்கம் மட்டும் ஜென்மத்துக்கும் போகாதீர்கள் என்றார். கண் தப்பியது. பயம் தெளிந்ததும் எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கேட்டார், “அவ நம்பர் உங்கிட்ட எப்படி புள்ள?”

“துணி தைக்கக் குடுத்தவங்க நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்குமுங்க.”

“தூசிங்கற பேர்லயா?” என்று கேட்டுவிட்டுக் கழுத்து வலியோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது வாஸ்தவம். அந்த வாக்கியத்தில் காதல் ஒன்றும் இல்லை. பத்து வருஷம் வீணாய்ப் போயிற்றே என்றுகூட நினைத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். கேட்டேன்.

“ஊட்டுல தெரிய வேண்டாம்னு ஏனுங்க சொன்னீங்க? அன்னைக்கே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமுல்ல?”

“சொன்னா நீ சும்மா இருந்திருப்பயா? உம் புருஷன் கண்ண அவ குத்திப்போட்டாள்னு பட்டறைக்கே வந்து ஆடியிருப்ப. மொதலாளி அவள நிறுத்திப்போடுவாரு. புருஷனும் பக்கத்துல இல்ல. பாவம், அவ பொழப்பு போயிரும்ல?”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்து தூங்கிவிட்டார். தன் கண் போனாலும் போகட்டும், அவள் பிழைப்பு போகக் கூடாது. இதற்கு அவர் அவளைக் காதலித்தே தொலைத்திருக்கலாம், அதைத் திட்டவாவது எனக்கு வார்த்தை இருந்திருக்கும். அவர் செய்தது நல்ல காரியம், தெரியும். நல்ல காரியம் என்பதால்தான் எனக்கு ஆறவில்லை.

இப்போது அவர் சாயங்காலம் காபியோடு வந்து என் மிஷின் பக்கத்தில் உட்காருகிறார். வந்தவுடன் நான் மேஜை மேலிருக்கும் சின்னக் காந்தத்தை எடுத்து டிராயரில் போட்டு மூடிவிடுகிறேன். இத்தனூண்டு காந்தம் அவ்வளவு தூரத்திலிருந்து எதையும் அசைக்காது, குண்டூசி வைத்துப் பார்த்தவளுக்கு அது தெரியாதா. இருந்தாலும் காந்தம் அவள் கொடுத்தது. அவர் கண்ணுக்குள் இருப்பது அவள் எடுக்காமல் விட்டுப்போனது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.